‘விட்டிடும்’ என்று மொழிபெயர்த்த செவ்வாய்

4.11.2025, செவ்வாய்

காலை 7.10. வெளியே 3 பாகை. மழை இன்னும் இல்லை; வானம் ஆயத்தமாக இருக்கிறது. புதிய குறிப்பேடு. பழையது நேற்று, 3ஆம் திகதி, கடைசி வரியோடு நிறைந்தது. இடையில் ஒரு நாளும் விடுபடவில்லை.

இவ்வேட்டில் வரும் சுருக்கங்கள் (சென்ற ஏட்டில் இவற்றை எழுதி வைக்காததால் நானே இரண்டு இடங்களில் தடுமாறினேன்):

ப. – மனைவி, பரமேஸ்வரி.
மா. – மகள், மாலினி. நகரின் மறுபக்கம், லாசால் பகுதியில் இருப்பவள்.
லி. – திருமதி லின். சீன மூச்சுப் பயிற்சி ஆசிரியை.
ஒ. – விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் அளவு.

வகுப்புத் தோழர் இராசலிங்கத்துக்குச் சுருக்கம் இல்லை. அவரைச் சுருக்க இயலாது.

ப.வின் ஒ.: எழுந்தவுடன் 92. கழிவறைக்குப் போய் வந்தபின் 87. எடை 43.6 கிலோ. சென்ற மாத நடுவில் 43.1. அரைக் கிலோ ஏற்றம். மூச்சுப் பயிற்சியின் பயன் என்று கருத இடமுண்டு.

குளிசை காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டையும் நானே சிறு தட்டில் எடுத்து வைக்கிறேன். பெப்ரவரி 12 முதல் இதுவே ஒழுங்கு. ப.வின் நுரையீரல் தழும்பேறி இறுகி வருகிறது. குளிசை அதைக் குணப்படுத்தாது. இறுகும் வேகத்தைக் குறைக்கும். மருத்துவர் இதை மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை மொழிபெயர்த்தேன்.

வகுப்பு 10.30. பார்க் எக்ஸ்டென்ஷன் சமூக மண்டபம், நிலக்கீழ் அறை. வருகை 13 பேர். லி. வழக்கம்போல் கறுப்புக் காற்சட்டை, துணிச் சப்பாத்து. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். முழங்காலை மடித்து இறங்கும்போது அப்படித் தெரிவதில்லை.

லி.யின் பிரெஞ்சு, சீன வாய்க்குள் அகப்பட்ட பிரெஞ்சு. ப.வுக்கு இடக்காது மந்தம். ஆகவே வலப்பக்கம் நின்று ஒவ்வொரு கட்டளையையும் தமிழில் காதுக்குள் சொல்வது என் பணி. “இழும்.” “மெல்ல விடும்.” “தோளை இறக்கும்.” “நாபிக்குக் கீழை மூண்டு விரல், அங்கை நினைவை வையும்.” நான் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவாளர் கந்தோரில் பதினொரு ஆண்டுகள் இருந்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமல்ல.

இராசலிங்கம் இன்றும் பகிடி. “அண்ணை, மனிசி அன்ஸ்பிரே, எக்ஸ்பிரே எண்டுறா. என்ரை மெடிகேர் காட்டிலையும் எக்ஸ்பிரே எண்டுதான் அடிச்சுக் கிடக்கு. மாசியோடை நான் சரி.”

(பிரெஞ்சில் அன்ஸ்பிரே: மூச்சை இழும்; எக்ஸ்பிரே: மூச்சை விடும். மருத்துவ அட்டையிலோ அது காலாவதி.) ப. சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. ஒ. 83. கதிரையில் இருத்தினோம். நான்கு நிமிடத்தில் 89. இனி வகுப்பில் பகிடி விட வேண்டாம் என்று இராசலிங்கத்திடம் சொல்ல வேண்டும்.

(சொன்னேன். “அப்ப அழவோ அண்ணை?” என்றார்.)

7.11.2025, வெள்ளி

மழை. 6 பாகை. கீழ்வீட்டுக்காரர் மீண்டும் சைக்கிளைப் படிக்கட்டில் சாத்தியிருக்கிறார். பாண், பால், தேசிக்காய் வாங்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சி, லி. தந்த தாளின்படி. எட்டு அசைவுகளில் ப. ஐந்து செய்தாள், ஆறாவதற்குக் குனியும்போது மூச்சு எட்டவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போல் நிற்றல்: ப. 1 நிமிடம் 10 விநாடி. சென்ற வெள்ளி 2 நிமிடம் 5 விநாடி. நான் 9 நிமிடம். என்னால் நிற்க முடிவதில் யாருக்கு என்ன பயன்?

ஒரு நல்ல செய்தி. வயிற்றுப்போக்கு அடியோடு நின்றிருக்கிறது. உடம்பு குளிசைக்குப் பழகிவிட்டது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த தவணை டிசம்பர் 4, வியாழன், 9.20.

மதியம் ப. இரண்டு இடியப்பம், சொதி. “என்ன என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்? நானென்ன ரீவியே?” என்றாள். எண்ணிக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லவில்லை.

11.11.2025, செவ்வாய்

முதற்பனி. -2 பாகை. ஈரமான, கனத்த பனி. கால் வைத்தால் குழம்பாகிறது.

ப.வின் பாரக் குளிர்கோட்டை அலுமாரியிலிருந்து எடுத்தேன், காலை 9.05. இடப் பையில் ஏதோ கிலுகிலுத்தது. பழைய விற்றமின் போத்தல். உள்ளே அவளுடைய நுரையீரல் குளிசைகள். எண்ணினேன். 41. மீண்டும் எண்ணினேன். 41. ஒன்று ஈரமாக, மற்றொன்றோடு ஒட்டிக் கிடந்தது. இன்று காலை நான் தட்டில் வைத்தது.

குசினிக்குக் கொண்டுபோனேன்.

“இதென்ன?”

“குளிசை.”

“தெரியுது. ஏன் இதுக்குள்ளை கிடக்கு?”

“எறிய மனம் வரேல்லை. நல்ல சாமான். ஆருக்கும் உதவும்.”

“எப்ப தொடக்கம்?”

“எண்ணிப் போட்டுத்தானே வந்து நிக்கிறியள். நீங்களே சொல்லுங்கோ.”

அவள் தேநீரை வடித்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள்.

வகுப்புக்குப் போகவில்லை. ஏப்ரல் 8இல் சேர்ந்தபின் தவறிய முதல் வகுப்பு.

12.11.2025, புதன்

பனி உருகி ஓடுகிறது. 1 பாகை.

கணக்கு: 41இல் நேற்றுக் காலைக் குளிசை ஒன்றைக் கழித்தால் 40. நாளுக்கு இரண்டு, 20 நாட்கள். அதாவது ஒக்டோபர் 22, புதன், காலை முதல்.

பழைய ஏட்டை எடுத்து அதற்கு முந்திய நாளைப் பார்த்தேன். அதை அப்படியே பிரதி செய்கிறேன்:

“21.10.2025, செவ்வாய். 9 பாகை, வெயில். வகுப்பில் புதிய பயிற்சி. நின்றபடி உடம்பின் இறுக்கம் முழுவதையும் மூச்சோடு வெளியேற்றுதல். லி. ஒவ்வொரு மூச்சுக்கும் ‘லஷே’ என்றார். ப.வின் காதில் ‘விட்டிடும்’ என்றேன். குறைந்தது முப்பது முறை. வகுப்பு முடிவு 11.45. ப. கழிவறையில் 25 நிமிடம். 12.08 பஸ் தவறியது. அடுத்தது 12.31. வீடு 1.14. மிகத் தாமதம்.”

முப்பது முறை. காதுக்குள். “விட்டிடும், விட்டிடும்.” மறுநாள் காலை விட்டுவிட்டாள்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு எத்தனை வாசல்கள் என்று நான் யோசிக்கவில்லை. கையில் இருப்பதை விடு. பழக்கத்தை விடு. முயற்சியை விடு. உயிரை விடு. லி. சொன்னது உடம்பின் இறுக்கத்தை. நான் சொன்னது எதை என்று சொல்லவே இல்லை. செயப்படுபொருள் இல்லாமல் ஒரு வினையை, நோயாளியின் காதுக்குள், முப்பது முறை.

கந்தோரில் பதிவுப் புத்தகத்தில் பிழை கண்டால் ஒற்றைக் கோடு, பக்க ஓரத்தில் சரியான சொல், திகதி, கையெழுத்துச் சுருக்கம். அழிப்பதில்லை, திருத்துவது. வரும் செவ்வாய் திருத்துவேன். தகுந்த சொல்: தளர்த்தும். “தோளைத் தளர்த்தும். இடுப்பைத் தளர்த்தும்.” ஒவ்வொன்றுக்கும் செயப்படுபொருள்.

குளிசையை இன்றும் தட்டில் வைத்தேன். தட்டிலேயே இருக்கிறது. இனி ஒளிக்கும் தேவை அவளுக்கு இல்லை.

15.11.2025, சனி

தட்டில் 8.

18.11.2025, செவ்வாய்

-1. வெயில், ஆனால் சூடில்லாத வெயில். ஒ. காலையில் 90.

வகுப்பு. லி. “லஷே” என்றார். “தோளைத் தளர்த்தும்” என்றேன்.

ப. ஒரு கண்ணைத் திறந்தாள். “என்னத்தை?”

“தளர்த்தும்.”

“இதென்ன போத்தில் மூடியே, தளர்த்த? வழக்கமா விட்டிடும் எண்டெல்லோ சொல்லுறனீங்கள்?”

“அது பிழை. திருத்தியிருக்கிறன்.”

பின்வரிசையிலிருந்து இராசலிங்கம்: “அண்ணை, எங்களுக்கும் திருத்தம் உண்டோ?” லி. உதட்டில் விரலை வைத்தார். மீதி வகுப்பு முழுவதும் “தளர்த்தும்”. நாக்கில் பொருந்தாத சொல். பாடப்புத்தகத்தில் இருந்து வந்த சொல்.

பின்பு பஸ் தரிப்பின் கண்ணாடிக் கூட்டுக்குள், வாங்கில். 12.08க்கு இன்னும் ஒன்பது நிமிடம். ப. தொடங்கினாள். நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

“உங்கடை சொல்லாலைதான் நான் குளிசையை விட்டனான் எண்டு நினைச்சுக்கொண்டே ஒரு கிழமையாத் திரியிறியள்?”

“21ஆம் திகதி நான் சொன்னன். 22ஆம் திகதி நீர் விட்டிருக்கிறீர்.”

“கண்டறியாத திகதி.” மூச்சு எடுக்கக் கொஞ்சம் நிறுத்தினாள். “இஞ்சருங்கோ, எனக்கு லஷே தெரியும். பத்தொன்பது வருசம் தையல் ஃபக்டரியிலை இருந்தனான். துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சா அந்தச் சுப்பவைசர் பெட்டை லஷே, லஷே எண்டு கத்துவாள். உங்களுக்கு முன்னமே நான் படிச்ச சொல்.”

“அப்ப ஏன் நான் காதுக்குள்ளை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிண்டனீர்?”

“நல்லாய்க் கிடந்தது. விட்டன்.”

ஒரு பஸ் வந்தது, எங்களுடையதல்ல.

“21ஆந் திகதி நான் என்ன உடுத்துக்கொண்டு வீட்டை வந்தனான்? சொல்லுங்கோ பாப்பம்.”

உடுப்பு நான் ஏட்டில் எழுதும் விடயமல்ல.

“போகேக்கை பச்சைப் பஞ்சாபி. வரேக்கை கறுப்புக் காற்சட்டை, கணுக்காலுக்கு மேலை நிண்டது. நீங்கள் பாக்கேல்லை.” கையுறையைக் கழற்றி மறுபடி போட்டாள். “மரம் மாதிரி நிக்கேக்கை வயித்தாலை போட்டுது. நிண்ட நிலையிலை. அந்தக் குளிசையாலை அது எப்ப வரும் எண்டு தெரியாது. நான் கழிவறைக்கை போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன், சீன மனிசி வந்து தட்டினவ. ஒண்டும் கேக்கேல்லை. என்னைக் கழுவினவ, நிலத்தைக் கழுவினவ, தன்ரை பையிலை இருந்த காற்சட்டையைத் தந்தவ. நீங்கள் வெளியிலை நிண்டு பஸ் போட்டுது, பஸ் போட்டுது எண்டு தட்டினீங்கள்.”

12.08 பஸ் வந்தது. இருவரும் எழுந்தோம்.

பஸ்ஸில் இன்னும் ஒன்று சொன்னாள், யன்னலைப் பார்த்தபடி. “சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. அப்பிடி இன்னொருக்கா நடக்கப்படாது.”

19.11.2025, புதன்

வானிலை பார்க்கவில்லை.

பழைய ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். “ப. கழிவறையில் 25 நிமிடம்.” நேரம் சரி. பஸ் மணி சரி. பாகை சரி. ஒரு திருத்தமும் செய்ய முடியாது.

பிழை என்னுடையதாக இருக்க வேண்டுமென்று ஒரு வாரம் விரும்பியிருக்கிறேன் என்பது இன்றுதான் தெரிகிறது. பிழை என்றால் கோடு போட்டு ஓரத்தில் எழுதலாம். இது பிழையல்ல. அவள் நன்றாக யோசித்து, நல்ல அறிவோடு, தானே எடுத்த முடிவு. இதற்கு ஓரம் இல்லை.

தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

21.11.2025, வெள்ளி

-5. காற்று. பால் புளித்துவிட்டது; பொதியிலுள்ள திகதி 24. வழக்கமானால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோயிருப்பேன்.

மா. தொலைபேசியில், 6.40 முதல் 7.15 வரை. எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அழுகை. பிறகு கோபம்.

“அப்பா, நாலாந் திகதி இதை டொக்டரிட்டைச் சொல்லாதேங்கோ. சொன்னா மருந்தை வெட்டிப் போடுவினம். பேந்து திருப்பி எடுக்கிறது லேசில்லை. அம்மா என்ன சொன்னாலும் குளிசை போடுறா எண்டு சொல்லுங்கோ. நான் வந்து அவவை வழிக்குக் கொண்டுவாறன்.”

“உன்ரை அம்மா அங்கை பக்கத்திலை இருப்பா.”

“அவவுக்குப் பிரெஞ்சு விளங்கவே போகுது?”

விளங்காது என்றுதான் இத்தனை காலம் நானும் நினைத்தேன்.

மருத்துவர் என் வாயைத்தான் கேட்பார். அது உண்மை. நான் சொல்வதே பதிவாகும். மா. சொல்வதில் நியாயம் உண்டு: குளிசை கையில் இருந்தால் ஒருநாள் மனம் மாறலாம். இல்லாவிட்டால் மாறினாலும் பயனில்லை. ஒரேயொரு பொய். ஒரு “ஆம்”.

25.11.2025, செவ்வாய்

-8. நடைபாதையில் உப்பு. ஒ. 89.

வகுப்பில் இன்று கை தள்ளுதல். இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டின் புறத்தை மற்றவர் மணிக்கட்டில் வைத்து, வட்டமாக முன்னும் பின்னும். இது சண்டைக் கலையின் உட்பகுதி என்றார் லி.; ஆனால் இங்கே வெற்றி இல்லை. நானும் இராசலிங்கமும் முதலில். இரண்டாம் வட்டத்திலேயே அவர் என்னைச் சுவரில் சாத்தினார். “அண்ணை, கதவு மாதிரி நிக்கிறியள். தள்ளினாப் பிறகு என்ன செய்யிறது?”

பிறகு ப.வும் நானும். லி. எங்கள் கைகளை வைத்துச் சொன்னதை மொழிபெயர்த்தேன்: “அழுத்தவும் வேண்டாம், கழலவும் வேண்டாம். மற்றவர் போற இடத்துக்குக் கூடப் போறது மட்டும்.”

ப.வின் மணிக்கட்டு ஒரு பென்சிலின் கனம். கண்ணை மூடினாள். அவள் கை போன பக்கம் என் கை போயிற்று. நானாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்றரை நிமிடம். பிறகு அவளுக்கு உதடு நீலம், ஒ. 81, கதிரை.

வகுப்பு முடிந்ததும் லி.யிடம் போய், ஒக்டோபர் 21க்கு நன்றி என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி, எது, என்ன, நினைவில்லையே என்றார். பொய். மிகத் தெளிவான முகத்தோடு சொன்ன பொய். சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டே என் தோளை இரண்டு முறை தட்டினார். தளர்ந்தபாடில்லை.

30.11.2025, ஞாயிறு

மா. வந்தாள், பேரப்பிள்ளைகள் இல்லாமல். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். அறைக்குள் தாயும் மகளும் ஒன்றேகால் மணி நேரம். கதவு மூடியிருந்தது. சத்தம் ஒருமுறை மட்டும்: “ஓமம்மா, ஓம், நான் என்ரை சுயநலத்துக்குத்தான் சொல்லுறன்!”

வெளியே வந்தபோது மா.வின் முகம் கழுவியிருந்தது. சப்பாத்துப் போடும்போது என்னிடம் மெதுவாக, “நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ அப்பா” என்றாள். நான் விரும்பியதை யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது மருத்துவத்தில் இல்லை.

2.12.2025, செவ்வாய்

-11. ஒ. எழுந்தவுடன் 86. படிக்கட்டு இறங்க முடியவில்லை. வகுப்பு இல்லை. ப. கட்டிலில் இருந்தபடி மூச்சை எண்ணினாள்: இழுக்க மூன்று, விட நான்கு. சித்திரையில் விட ஒன்பது.

4.12.2025, வியாழன்

-9. இலேசான பனித்தூள். வாடகைக் காரில் வைத்தியசாலை, சென்றடைந்தது 8.50. சக்கரக் கதிரை கேட்டு வாங்கினேன். ப.வுக்குச் சாம்பல் நிறப் பஞ்சாபி, மெரூன் சால்வை, கறுப்புக் குளிர்கோட்டு, இடக் கையுறையில் ஒரு தையல் விட்டிருக்கிறது.

அழைத்தது 9.55. ஊதிப் பார்க்கும் சோதனை. மருத்துவர் இளம் பெண். கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கணினியைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்ததும் விளங்கிற்று.

குளிசை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டார்.

நான் ப.வின் வலப்பக்கம். காதுக்குள் சொன்னேன்: “குளிசை போடுறனீரோ எண்டு கேக்கிறா.”

“என்னைக் கேக்கிறாவோ, உங்களைக் கேக்கிறாவோ?”

“உம்மை.”

“இல்லையெண்டு சொல்லுங்கோ. ஐப்பசியிலை விட்டிட்டன். இனியும் போடமாட்டன்.”

மருத்துவர் காத்திருந்தார். சுவர்க்கடிகாரம் 10.07. மா.வின் “ஆம்” என் வாய்க்குள் இருந்தது. ஒரு அசை. ப. என்னைப் பார்க்கவில்லை, தன் கையுறையின் விட்ட தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். இல்லை. ஒக்டோபர் 22 முதல் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அளவைக் குறைக்கலாம் என்றார் மருத்துவர். வேறு குளிசையும் உண்டு, அதில் தோல் எரியும், பசி குறையும் என்றார். மொழிபெயர்த்தேன். ப. தலையாட்டி மறுத்தாள். விட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளங்குகிறதா என்று கேட்டார். அடுத்த குளிர்காலத்தை எதிர்பார்க்க முடியாது என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். “அடுத்த மாரி இல்லையெண்டு சொல்லுறா” என்றேன்.

“இந்த மாரியே நீளம்” என்றாள் ப. அதையும் பிரெஞ்சில் சொன்னேன். மருத்துவர் எழுதவில்லை.

வீட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம். மூச்சு முட்டும்போது நாக்கின் கீழ் துளி மருந்து. தாதி ஒருவர் வருவார். எல்லாவற்றுக்கும் திகதி கேட்டு எழுதிக்கொண்டேன்.

இறுதியில் மருத்துவர் ப.வின் பக்கம் குனிந்து, வேறு ஏதும் கேட்க வேண்டுமா என்றார். சொன்னேன். ப. சால்வையைச் சரிசெய்தாள். மூன்று மூச்சு எடுத்தாள்.

“இந்த மனிசனுக்குத் தனிய இருக்கத் தெரியாது. தேத்தண்ணி ஊத்தவும் தெரியாது. அதுக்கும் எங்கையும் வகுப்பு வைக்கினமோ எண்டு கேளுங்கோ.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“மெர்சி என்கிறார்” என்றேன்.

மெர்சி என்றால் நன்றி என்பது ப.வுக்கு நன்றாகத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள்.